பழைய அனலாக் பேஸ் சின்த்: வாங்கும் முன் சர்க்யூட்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

கானாக் கச்சேரியில் கீபோர்டு வாசிப்பவர், சர்ச் குவையரில் வாசிப்பவர், மாடி ரூமில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பாட்டு போடுபவர் என்று வட சென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் யாரிடம் பேசினாலும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது: "அண்ணா, பழைய அனலாக் பேஸ் சின்த் ஒண்ணு வாங்கலாமா?"

வாங்கலாம். ஆனால் அது கடைசி வேலை. அதற்கு முன்னால் காதைப் பழக்க வேண்டும், சர்க்யூட்டைப் புரிந்துகொள்ள வேண்டும், சின்னதாக ஒன்றைக் கையால் கட்டிப் பார்க்க வேண்டும். இந்த வரிசையில் போனால், அந்தப் பெட்டிக்குள் எந்தப் பகுதிக்காக நாம் காசு கொடுக்கிறோம் என்பது தெளிவாகிவிடும். பலருக்கு அந்த அசல் பெட்டியே தேவைப்படாது. அதே சத்தத்தை வேறு வழியில் எடுத்துவிடுவார்கள்.

சின்த் என்பது மின்சுற்றால் ஒலியை உண்டாக்கும் சின்தசைசர். பேஸ் சின்த் அதில் கீழ்ச்சுரங்களை வாசிப்பது. அனலாக் என்றால் என்ன என்பதை முதலில் முடித்துவிடுவோம். சத்தம் வோல்டேஜாகவே பிறந்து, வோல்டேஜாகவே வடிகட்டப்பட்டு, வோல்டேஜாகவே ஸ்பீக்கருக்குப் போகிறது. நடுவில் எங்கேயும் அது எண்ணாக மாறுவதில்லை. அதனால்தான் ஒவ்வொரு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் சத்தத்தில் தன் கைவரிசையைக் காட்டுகிறது.

ஏன் இன்னும் இந்தக் கிராக்கி

பேஸ் சின்த் என்றதும் இரண்டு பெயர் வரும். ஒன்று 1970இல் வந்த மினிமூக் மாடல் டி. ஒலி அலையை உண்டாக்கும் ஆசிலேட்டர் மூன்று, அதை வடிகட்டும் லேடர் (ஏணி) ஃபில்டர் ஒன்று, தூக்கிக்கொண்டு மேடைக்குப் போகக்கூடிய அளவு. இன்னொன்று ரோலண்ட் டிபி-303. தடாவோ கிகுமோட்டோ வடிவமைத்த சின்னஞ்சிறு வெள்ளிநிறப் பெட்டி. தனியாக உட்கார்ந்து பயிற்சி செய்யும் கிடார்காரர்களுக்குப் பின்னணியில் பேஸ் வாசிக்கட்டும் என்று 1980களின் தொடக்கத்தில் வந்தது. பேஸ் கிடார் மாதிரி அது கொஞ்சமும் ஒலிக்கவில்லை. புரோகிராம் செய்யவும் கஷ்டம்: சுருதியை ஒரு தடவையும் தாளத்தை இன்னொரு தடவையும் தனித்தனியாக ஏற்ற வேண்டும். ஏறக்குறைய 10,000 பெட்டிகளோடு 1984இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

விலை போகாமல் செகண்ட் ஹேண்ட் கடைகளில் கிடந்த அந்தப் பெட்டிகளை சிகாகோ இளைஞர்கள் வாங்கினார்கள். பாட்டு ஓடும்போதே ஃபில்டர் நாபைத் திருகிக்கொண்டே இருந்தார்கள். 1987இல் ஃப்யூச்சர் குழு வெளியிட்ட தட்டிலிருந்து ஆசிட் ஹவுஸ் என்ற இசை வகையே கிளம்பியது. நம் நாட்டுக் கதை அதற்கும் முந்தியது. மும்பையில் சினிமாப் பாட்டுகளுக்கு வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங், 1982இலேயே டிபி-303, டிஆர்-808 தாளப் பெட்டி, ஜூப்பிட்டர்-8 சின்த் மூன்றையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். அப்போது அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2010இல் மறுபதிப்பு வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. ராகத்தில் ஊறிய காது உள்ளவர்கள் அதைக் கேட்டே ஆக வேண்டும். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் அந்த 303 நம் சங்கீதத்துக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது என்று புரியும்.

எண்ணிக்கை குறைவு, தேடுபவர் அதிகம் என்பதால் அசல் 303 இன்று சில லட்சம் ரூபாய்க்குப் போகிறது. உள்ளே இருக்கும் பிஏ662 மாதிரியான ஐசிகளின் தயாரிப்பு எப்போதோ நின்றுவிட்டது. கெட்டுப்போனால் மாற்றுப் பாகம் தேடி அலைய வேண்டும். அதே சமயம் இந்தக் கிராக்கி நல்லதும் செய்திருக்கிறது. பல சின்த்களின் இதயமாக இருந்த சிஇஎம்3340 ஆசிலேட்டர் ஐசியை 2016இல் மறுபடி தயாரிக்கத் தொடங்கினார்கள். அதே ஆண்டில் மூக் நிறுவனம் மாடல் டி-யைத் திரும்பக் கொண்டுவந்தது. 2013இல் கோர்க் வோல்கா பேஸ், 2019இல் பெஹ்ரிங்கர் டிடி-3 என்று அசலின் விலையில் மிகச் சிறிய பங்குக்கே அனலாக் பெட்டிகள் வந்துவிட்டன. ரோலண்டின் 2016 வெளியீடான டிபி-03 மட்டும் வெளியே 303 மாதிரி இருந்தாலும் உள்ளே டிஜிட்டல். வாங்கும்போது இதைக் கவனியுங்கள். சத்தம் நன்றாகவே இருக்கும், ஆனால் நீங்கள் தேடுவது அனலாக் சர்க்யூட் என்றால் அது இது இல்லை.

முதலில் காது

இதற்கு ஒரு பைசா செலவில்லை. கம்ப்யூட்டரில் இலவச சின்த் மென்பொருள் ஏதாவது ஒன்றைப் போடுங்கள். ஒரே ஒரு ஆசிலேட்டர், கீழ் ஒலியை விட்டு மேல் ஒலியை வெட்டும் லோ பாஸ் ஃபில்டர் ஒன்று. 55 ஹெர்ட்ஸில் ஒரு சுரத்தைப் பிடித்துவைத்துவிட்டு ஒரு நேரத்தில் ஒரு நாபை மட்டும் திருகுங்கள். கட்-ஆஃபை, அதாவது ஃபில்டர் வெட்டத் தொடங்கும் இடத்தை, மேலிருந்து கீழே கொண்டுவாருங்கள். அப்புறம் அந்த இடத்து ஒலியைத் தூக்கிக் காட்டும் ரெசனன்ஸைக் கொஞ்சம் ஏற்றிவிட்டு அதையே திரும்பச் செய்யுங்கள். அடுத்து டிகேயை, அதாவது சுரம் அடங்கும் நேரத்தை, குறைத்துப் பாருங்கள்.

நல்ல ஹெட்போன் அவசியம். பேஸ் கிடாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கரால் அதைத் தர முடியாது. ஆனாலும் ரம்பப் பல் அலையில் 82, 123, 164 என்று மேலே மேலே கிளை ஒலிகள் இருப்பதால், அடிச்சுரம் வராவிட்டாலும் மூளை அதை ஊகித்துக்கொள்ளும். ஷேர் ஆட்டோவின் சின்ன ஸ்பீக்கரிலும் சின்த் பேஸ் தெளிவாகக் கேட்பது இதனால்தான். கிளை ஒலி எவ்வளவு வெளியே வரலாம் என்பதை ஃபில்டர்தான் முடிவு செய்கிறது என்பதை மனதில் வையுங்கள்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது

ஆசிலேட்டரில் தொடங்குவோம். ஒரு கெப்பாசிட்டரில் சீரான கரண்ட் ஏறிக்கொண்டே இருக்கும். குறிப்பிட்ட வோல்டேஜைத் தொட்டதும் ஒரு டிரான்சிஸ்டர் அதைச் சட்டென்று காலி செய்துவிடும். மறுபடி ஏறும். அலையைப் படமாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால் ரம்பப் பல் மாதிரி தெரியும். கரண்டைக் கூட்டினால் சீக்கிரம் நிரம்பும், சுருதி ஏறும்.

சிக்கல் எங்கே என்றால், ஒரு ஸ்தாயி ஏறினால் அதிர்வெண் இரண்டு மடங்காக வேண்டும். கீபோர்டோ ஸ்தாயிக்கு 1 வோல்ட் என்று நேர்கோட்டில்தான் கொடுக்கிறது, அரைச்சுரத்துக்கு 83 மில்லிவோல்ட். இதை மடங்காக மாற்றும் வேலையை டிரான்சிஸ்டர் இயல்பாகவே செய்கிறது. அதன் பேஸ்-எமிட்டர் வோல்டேஜை (இந்த பேஸ் டிரான்சிஸ்டரின் ஒரு கால், இசையின் பேஸ் இல்லை) ஏறக்குறைய 18 மில்லிவோல்ட் கூட்டினால் கரண்ட் இரண்டு மடங்காகும். அழகான ஏற்பாடு. ஆனால் அந்த 18 மில்லிவோல்ட் சூட்டைப் பொறுத்து மாறும், டிகிரிக்கு சுமார் 0.33 சதவீதம். ஏசி அறையில் 24 டிகிரியில் சுருதி சேர்த்துவிட்டு 36 டிகிரியில் மொட்டை மாடியில் வாசித்தால் 4 சதவீதம் விலகும். சேர்த்த இடத்திலிருந்து மூன்று ஸ்தாயி தள்ளி வாசிக்கும்போது அது கிட்டத்தட்ட ஒன்றரை அரைச்சுரம். பாடகர் கண்டிப்பாகத் திரும்பிப் பார்ப்பார். இதைச் சமாளிக்கத்தான் சூட்டோடு சேர்ந்து தானும் மாறும் டெம்ப்கோ ரெசிஸ்டர் போடுகிறார்கள். சென்னை வெயிலில் அதை மிச்சப்படுத்த நினைக்கக்கூடாது.

அடுத்தது ஃபில்டர். கிராக்கியெல்லாம் இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ராபர்ட் மூக் 1969இல் காப்புரிமை பெற்ற லேடர் ஃபில்டரின் படத்தைப் பார்த்தால் நிஜமாகவே ஏணி மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் டிரான்சிஸ்டர் ஜோடி, நடுவில் குறுக்காக ஒரு கெப்பாசிட்டர், இப்படி நான்கு படிகள். ஒவ்வொரு படியும் ஸ்தாயிக்கு 6 டெசிபெல் குறைக்கும். நான்கும் சேர்ந்தால் 24. அதாவது கட்-ஆஃபுக்கு மேல் ஒவ்வொரு ஸ்தாயிக்கும் ஒலியின் வீச்சு ஏறக்குறைய 16இல் ஒரு பங்காகச் சுருங்கும். ஏணியின் வழியே ஓடும் கரண்டைக் கூட்டிக் குறைத்தால் கட்-ஆஃப் நகரும். நாப் திருகும்போது நடப்பது அதுதான்.

கடைசிப் படியில் வரும் சிக்னலைத் தலைகீழாக்கி ஆரம்பத்துக்கே திருப்பிக் கொடுத்தால் கட்-ஆஃப் இருக்கும் இடத்தில் ஒரு மேடு எழும். அதுதான் ரெசனன்ஸ். திருப்பிக் கொடுப்பது நான்கு மடங்கை எட்டினால் ஃபில்டர் தானாகவே விசில் அடிக்கத் தொடங்கும். ஆனால் அதே நான்கு மடங்கு அடிச்சுரத்தை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். ரெசனன்ஸை ஏற்றினால் பேஸ் காணாமல் போகிறது என்று புதிதாக வாசிப்பவர்கள் எல்லோரும் குழம்புவது இதனால்தான். பெட்டி கெட்டுப்போகவில்லை, ஏணியின் சுபாவமே அது. ரெசனன்ஸை ஏற்ற ஏற்ற உள்ளே போகும் சிக்னலையும் கூட்டினால் பேஸ் மீளும்.

சிக்னல் அளவும் முக்கியம். ஏணியின் டிரான்சிஸ்டர்கள் சில பத்து மில்லிவோல்ட் வரைதான் நேர்மையாக நடந்துகொள்ளும். அதைத் தாண்டினால் அலையின் முனைகள் மழுங்கும். "வார்ம்" என்று எல்லோரும் சொல்லிக்கொள்ளும் குணத்தில் பெரும்பங்கு இந்த மழுங்கல்தான். மினிமூக்கில் மூன்று ஆசிலேட்டரையும் முழுசாகத் திறந்துவிட்டால் ஃபில்டர் லேசாகத் திணறும். அந்தத் திணறலுக்குத்தான் மவுசு.

303இன் ஏணி வேறு ஜாதி. அதில் டிரான்சிஸ்டர்களை டயோடு மாதிரி இணைத்திருக்கிறார்கள். நான்கு படிகளும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதால் வெட்டு மெதுவாகத் தொடங்குகிறது. படி நான்கு இருந்தும் பலர் அதை 18 டெசிபெல் ஃபில்டர் என்று எழுதுவது இதனால்தான். ரெசனன்ஸ் முழுக்க ஏற்றினாலும் அசல் பெட்டி தானாக விசில் அடிக்காது, விளிம்பு வரைக்கும் போய் நிற்கும். ரப்பர் மாதிரி இழுபடும் அந்தச் சத்தம் இங்கிருந்து வருகிறது.

மிச்சம் இருப்பது என்வலப், விசிஏ இரண்டும். சுரம் ஏறி இறங்கும் வடிவத்தை வோல்டேஜாகத் தருவது என்வலப், அந்த வோல்டேஜுக்கு ஏற்பச் சத்தத்தின் அளவைக் கூட்டிக் குறைப்பது விசிஏ. சுரத்தை அழுத்தியதும் வோல்டேஜ் குதித்து ஏறி, டிகே நாப் சொல்லும் வேகத்தில் இறங்கும். அந்த இறக்கம் ஃபில்டரையும் கூடவே இழுத்துக்கொண்டு இறங்குகிறது. 303இல் இதன் மேல் இரண்டு தந்திரம் உண்டு. ஸ்லைடு போட்டால் இரண்டு சுரத்துக்கும் நடுவே கேட் (சுரத்தைத் திறந்து மூடும் சிக்னல்) மூடாது, சுருதி மட்டும் வழுக்கிப்போய் அடுத்ததைத் தொடும். ஆக்சென்ட் போட்டால் சுரம் பலமாகும், டிகே குறுகும், ஃபில்டரும் ஒரு உதை வாங்கும். அந்த உதையைக் கொடுப்பது ஒரு கெப்பாசிட்டர். அது முழுசாகக் காலியாவதற்குள் அடுத்த ஆக்சென்ட் வந்தால், முதல் உதையை விட அடுத்தது இன்னும் உயரமாகப் போகும். தொடர்ந்து மூன்று நான்கு ஆக்சென்ட் வைத்துப் பாருங்கள், அந்த ஏற்றம் தெளிவாகக் கேட்கும். மலிவு நகல்களைச் சோதிக்க எனக்குத் தெரிந்து இதைவிடச் சுலபமான வழி இல்லை.

கையால் கட்டுவது: முதல் சர்க்யூட்

சாமான் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் போக வேண்டும். விம்கோ நகர், திருவொற்றியூர், வண்ணாரப்பேட்டை எங்கிருந்து வந்தாலும் நீல வழித்தட மெட்ரோவில் சென்ட்ரலுக்கு அடுத்த ஸ்டேஷனான அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். பட்டியலைத் தாளில் எழுதி எடுத்துப்போங்கள், கூட்ட நேரத்தில் கடைக்காரருக்கும் அதுதான் வசதி.

வாங்க வேண்டியவை: பற்றவைக்காமல் பாகங்களைச் சொருகி இணைக்கும் பிரெட்போர்டு ஒன்று, ஜம்பர் வயர், 9 வோல்ட் பேட்டரியும் அதன் கிளிப்பும், சிடி40106 ஐசி இரண்டு, 1 மெகா ஓம் பாட் (நாபால் திருகி மாற்றும் ரெசிஸ்டர்) இரண்டு, 100 கிலோ ஓம் பாட் ஒன்று, 10 கிலோ ஓம் பாட் ஒன்று, 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஐந்தாறு, 1 மைக்ரோ ஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் இரண்டு, 2.2 கிலோ ஓம், 22 கிலோ ஓம், 100 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள், கால் இஞ்ச் மோனோ ஜாக் ஒன்று. ஒரு மல்டிமீட்டரும் கட்டாயம்.

"அண்ணா, சிடி 40106 இருக்கா?"

"அது இல்ல தம்பி, 74ஹெச்சி14 எட்த்துக்கோ, ரெண்டும் ஒண்ணுதான்."

ஒன்றுதான், கால்களின் வரிசை வரைக்கும். ஆனால் 74ஹெச்சி14 தாங்குவது 6 வோல்ட் வரைதான். 9 வோல்ட் பேட்டரியில் வைத்தால் போய்விடும். 40106 இல்லை என்று சொன்னால் அடுத்த கடையைப் பாருங்கள்.

இப்போது இணைப்பு. ஐசியின் குழிவு இடப்பக்கம் இருக்கும்படி வைத்தால் கீழ் வரிசையில் இடமிருந்து 1 முதல் 7, மேல் வரிசையில் வலமிருந்து 8 முதல் 14. கால் 14 பேட்டரியின் பிளஸ்ஸுக்கு, கால் 7 மைனஸுக்கு. இரண்டுக்கும் நடுவே, ஐசியை ஒட்டினாற்போல, ஒரு 0.1 மைக்ரோ. கால் 1க்கும் மைனஸுக்கும் நடுவே இன்னொரு 0.1 மைக்ரோ. கால் 2இலிருந்து 100 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதோடு வரிசையாக 1 மெகா பாட், அதன் மறுமுனை கால் 1க்கு. ஆசிலேட்டர் தயார். பாட்டைத் திருகினால் ஏறக்குறைய 11 ஹெர்ட்ஸிலிருந்து 120 ஹெர்ட்ஸ் வரை போகும். ஐசி எந்தக் கம்பெனி என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும்.

கால் 2ஐக் கால் 3க்கு இணைத்து, சத்தத்தைக் கால் 4இலிருந்து எடுங்கள். நேரே கால் 2இலிருந்து எடுத்தால் பின்னால் மாட்டுவதெல்லாம் சுருதியைக் கெடுக்கும். பயன்படாத 5, 9, 11, 13 ஆகிய கால்களை மைனஸில் கட்டிவிடுங்கள். அந்தரத்தில் விட்டால் கண்டதையும் பிடித்து இரையும்.

கால் 4இலிருந்து 2.2 கிலோ ஓம், அப்புறம் 100 கிலோ பாட், அதன் முடிவில் மைனஸுக்கு ஒரு 0.1 மைக்ரோ. இது எளிய லோ பாஸ் ஃபில்டர், ஸ்தாயிக்கு 6 டெசிபெல். கட்-ஆஃப் சுமார் 720 ஹெர்ட்ஸிலிருந்து 16 வரை நகரும். ஏணியின் ஒரு படி இதுதான். அந்தப் புள்ளியிலிருந்து 1 மைக்ரோ எலக்ட்ரோலிட்டிக், பிளஸ் கால் ஃபில்டர் பக்கம் இருக்கட்டும். அதன் பின் 100 கிலோ ரெசிஸ்டர், அதிலிருந்து 10 கிலோ பாட்டின் ஒரு ஓரம், மறு ஓரம் மைனஸ், நடுக்கால் ஜாக்கின் நுனிக்கு. ஜாக்கின் உடல் மைனஸுக்கு. இப்படிச் செய்தால் 9 வோல்ட் சதுர அலை ஒரு வோல்ட்டுக்குள் அடங்கும், ஆம்ப்ளிஃபையருக்கு ஆபத்தில்லை. முதல் தடவை ஆம்ப் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு ஏற்றுங்கள்.

சத்தம் வரவில்லை என்றால் மீட்டரை எடுங்கள். 14க்கும் 7க்கும் நடுவே 9 வோல்ட் இருக்கிறதா? கால் 4இல் டிசி வைத்துப் பார்த்தால் பாதி வோல்டேஜ் அளவில் காட்டுகிறதா? பாதி காட்டினால் ஆசிலேட்டர் ஓடுகிறது, தகராறு அதற்குப் பின்னால். 0 அல்லது 9 காட்டினால் கால் 1 பக்கம் ஏதோ கழன்றிருக்கிறது.

ஓடியதும் கால் 9, 11 இரண்டையும் மைனஸிலிருந்து கழற்றிவிட்டு, இரண்டாவது ஆசிலேட்டரைக் கால் 9, 8 இரண்டிலும் அதே மாதிரி கட்டி, கால் 11, 10 வழியாக எடுத்து, இரண்டையும் ஆளுக்கு ஒரு 22 கிலோ ஓம் வழியாக ஃபில்டரில் சேருங்கள். ஒன்றை 55இலும் மற்றதை 55.5இலும் வைத்தால் இரண்டு விநாடிக்கு ஒரு முறை சத்தம் அலை மாதிரி ஏறி இறங்கும். மினிமூக் பேஸின் கனம் இந்தச் சின்ன விலகலில்தான் இருக்கிறது. ஒரே ஐசிக்குள் இரண்டு ஆசிலேட்டர் இருந்தால் ஒன்றையொன்று இழுத்து ஒரே சுருதியில் பூட்டிக்கொள்வது உண்டு. அப்போது இரண்டாவதைத் தனி ஐசிக்கு மாற்றுங்கள். இரண்டு வாங்கச் சொன்னது இதற்காகத்தான்.

அடுத்த கட்டம்: ஏணி

மினிமூக், டிபி-303 இரண்டின் சர்வீஸ் மேனுவல்களும் இணையத்தில் கிடைக்கின்றன. முழுப் பெட்டியையும் கட்டப் போகாதீர்கள். ஃபில்டரை மட்டும் கட்டி, மேலே செய்த ஆசிலேட்டரை அதற்குள் செலுத்துங்கள். பிசி547 டிரான்சிஸ்டர் போதும், ஐம்பது வாங்கினாலும் பெரிய செலவில்லை.

ஐம்பது எதற்கென்றால், ஜோடி சேர்க்க. மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து ஒவ்வொன்றின் பேஸ்-எமிட்டர் வோல்டேஜைப் பாருங்கள். 0.6 சொச்சத்தில் மூன்று இலக்கம் காட்டும். ஒரே எண் காட்டும் இரண்டை ஒரு ஜோடியாகத் தாளில் குத்தி வையுங்கள். அளக்கும்போது டிரான்சிஸ்டரின் தலையை விரலால் பிடிக்கக்கூடாது. ஒரு டிகிரி சூட்டுக்கு 2 மில்லிவோல்ட் இறங்கும், விரல் பட்டதும் எண் கண்ணெதிரே சரிவதைப் பார்க்கலாம். ஃபேனை அணைத்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரே மேசையில் அரைமணி நேரம் கிடத்திவிட்டு, பிளாஸ்டிக் இடுக்கியால் எடுத்து அளங்கள். பொறுமையான வேலைதான், ஆனால் ஏணியின் தரம் இங்கேதான் முடிவாகிறது. முதல் படியும் கடைசிப் படியும் நல்ல ஜோடியாக இருந்தால் நடுவில் கொஞ்சம் விலகினாலும் பரவாயில்லை.

ஏணிக்குப் பிளஸ் 12, மைனஸ் 12 என்று இரட்டை சப்ளை வேண்டும். நம் பக்கம் சாயங்காலத்தில் வோல்டேஜ் இறங்கும் தெருக்கள் உண்டு, அதனால் டிரான்ஸ்ஃபார்மரைக் கவனித்து வாங்குங்கள். கடையில் 12-0-12 எடுத்துக் கொடுப்பார்கள். 230 வோல்ட்டில் அது சரியாக ஓடும். லைன் 190க்கு இறங்கினால் ரெக்டிஃபையருக்குப் பின் உச்சமே 13 வோல்ட் சொச்சம்தான் நிற்கும். பிளஸ் 12 தரும் ரெகுலேட்டரான 7812க்கு குறைந்தது 14 வோல்ட்டுக்கு மேல் வேண்டும், அது கிடைக்காவிட்டால் பேஸோடு சேர்ந்து 100 ஹெர்ட்ஸ் இரைச்சலும் வரும். 15-0-15 வாங்குங்கள், ரெகுலேட்டருக்கு ஹீட் சிங்க் போடுங்கள். 7812இன் கால்கள் இன்புட், கிரவுண்ட், அவுட்புட் என்ற வரிசையில் இருக்கும். மைனஸ் 12 தரும் 7912க்கு கிரவுண்ட், இன்புட், அவுட்புட். இரண்டையும் ஒரே மாதிரி மாட்டினால் ஒன்று போய்விடும். 230 வோல்ட் பக்க வேலையை, முதல் தடவையாவது, தெரிந்த எலக்ட்ரீஷியனையோ ஆம்ப்ளிஃபையர் மெக்கானிக்கையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். ஃபியூஸ் இல்லாமல் பிளக்கில் சொருகவே கூடாது.

சரி, இப்போது வாங்கலாம்

இவ்வளவும் செய்தவருக்குத் தனக்கு எது வேண்டும் என்று தெரிந்திருக்கும். இழுபடும் ரப்பர் சத்தமா, ஆக்சென்ட்டின் உதையா, மூன்று ஆசிலேட்டரின் கனமா? ரப்பரும் உதையும்தான் வேண்டும் என்றால் புதிய அனலாக் நகல் ஒன்றே போதும் என்பது என் தீர்மானமான கருத்து. பதிவுக்கும் மேடைக்கும் கேட்பவர் வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டார். அசலை வாங்குவது அந்தப் பொருளின் மேல் இருக்கும் பிரியத்துக்காக. அதுவும் நல்ல காரணம்தான்.

பழையதை வாங்குகிறீர்கள் என்றால் நேரில் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள், 303இல் நினைவைக் காப்பாற்றுவதே உள்ளே இருக்கும் பேட்டரிகள்தான். அவை ஒழுகி பச்சை பூத்திருந்தால் அந்த அரிப்பு போர்டு வரைக்கும் போயிருக்கலாம். ஒவ்வொரு நாபையும் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மெதுவாகத் திருகி, கரகரப்பு எங்கே என்று கேளுங்கள். கரகரப்புக்குப் பயந்து ஒதுக்க வேண்டாம், கான்டாக்ட் கிளீனரில் சரியாகும். ஒரு இடத்தில் சத்தம் அடியோடு அறுந்தால் அந்த நாபின் பாட் போய்விட்டது என்று அர்த்தம். ஆன் செய்ததும் சுருதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அரைமணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். சூடேறும் வரை நகரலாம், அதன் பிறகும் நகர்ந்துகொண்டே இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டி என்றால் பின்புறம் எழுதியிருப்பதைப் படிக்காமல் பிளக்கைச் சொருகாதீர்கள். ஜப்பான் உள்ளூர் மாடல்கள் 100 வோல்ட்டுக்குச் செய்தவை. நம் 230ஐக் கொடுத்தால் பவர் சப்ளை போய்விடும். தகுந்த ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிக்கொள்ளுங்கள். தபாலில் வரவழைப்பவர்கள் சுங்க வரியையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு முடிவெடுங்கள்.

தனி ஐசி வாங்கும்போதும் ஜாக்கிரதை. பழைய சிஇஎம்3340 என்று பெயரை அழித்து எழுதிய போலிகள் சுற்றுகின்றன. லாட்வியாவில் தயாராகும் ஏஎஸ்3340, கூல்ஆடியோவின் வி3340 போன்ற புதியவை அதே வேலையைச் செய்யும், பழையதைத் துரத்த அவசியமில்லை.

கடைசியாகக் கடல் காற்று. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இதுதான் பெரிய எதிரி. ஸ்லைடர், ஜாக், சுவிட்ச் எல்லாவற்றிலும் உப்பு ஏறும். பயன்படுத்தாத நேரத்தில் துணி போட்டு மூடி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, மூடிய பெட்டியில் வையுங்கள். வாரம் ஒரு முறையாவது ஆன் செய்து எல்லா நாபையும் பத்துத் தடவை முழுசாகத் திருகுங்கள். சும்மா கிடக்கும் கான்டாக்ட்தான் சீக்கிரம் கெடும். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி சூட்டுக்கும் ஏறக்குறைய பாதியாகும், அதனால் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு நேர் கீழே அலமாரி வைக்காதீர்கள். நாற்பது வயதான பெட்டியில் இரைச்சல் வந்தால் முதலில் பவர் சப்ளை கெப்பாசிட்டர்களை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். ஆசிலேட்டரிலும் ஃபில்டரிலும் இருக்கும் சின்ன கெப்பாசிட்டர்களையும், உள்ளே இருக்கும் டிரிம்மர்களையும் (சரிசெய்வதற்கான சின்னத் திருகுகள்) காரணமில்லாமல் யாரும் தொட விடாதீர்கள். சர்வீஸ் மேனுவலில் சுருதி சேர்க்கும் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து, பெட்டியின் மூடிக்குள் மடித்து வையுங்கள். மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது அந்தத் தாளையும் சேர்த்துக் கொடுங்கள்.